பிளஸ் டூ முடித்துவிட்டு நாடகமும் சினிமாவும் படிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் முடித்திருக்கிறேன். ஊர் திண்டிவனம் பக்கம். பள்ளியில் மூன்று வருடமும் ஆண்டு விழா நாடகத்தை நானே எழுதி நடித்தேன். நாடகமும் திரைக்கலையும் முறையாகப் படித்து அதிலேயே வாழ ஆசை. "அதெல்லாம் படிச்சு வர்றதில்லம்மா, படிச்சாலும் சோறு போடாது" என்கிறார் அப்பா. எங்கே படிக்கலாம்? வேலை கிடைக்குமா?

பதில்:

அப்பா சொல்வதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாவதில் பாதி உண்மை. அதனால் தனித்தனியாகவே பேசிவிடலாம்.

படித்து வராது என்பதற்கு நம் ஊர் நாடகமே மறுப்பு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்துத் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, பெயருக்குத்தான் நாடகக் கம்பெனி. நடைமுறையில் அது தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம். நாடகம் சொல்லிக்கொடுப்பவருக்கு வாத்தியார் என்றுதான் பெயர். பின்னாளில் சொந்தமாக நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இதே போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவயதிலேயே சேர்ந்து, பாட்டும் வசனமும் அடவும் கற்று, வருடக்கணக்கில் ஊர் ஊராக மேடையேறியவர்கள். சினிமாவுக்கு வரும்போது அவர்களுடைய படிப்பு முடிந்திருந்தது. நமக்குக் கண்ணில் பட்டது சினிமா மட்டும்தான். அதற்கு முந்தைய அந்த வருடங்கள் கண்ணில் படாததால் பிறவித் திறமை என்று சொல்லிவிட்டோம்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால், எழுத்தாளர் ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைச் சொல்லலாம். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லோரும் அங்கே உடலையும் குரலையும் வருடக்கணக்கில் பழக்கியவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலைக்குப் போனவர். நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே நிறையக் கற்றேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். நீங்கள் வணிகவியல் படித்தவர் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். உங்கள் படிப்பு வீணாகாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, நாடகப் பள்ளியில் அப்படி என்னதான் கற்றுத்தருகிறார்கள்? நான் படித்தபோது முதல் பருவம் முழுக்க என்னை மேடையில் ஏற்றவில்லை, ஏணியில்தான் ஏற்றினார்கள். விளக்கு கட்டுகிற வேலை. சூடான விளக்கைத் துணி சுற்றிப் பிடித்துத் திருப்புவது, வண்ணத்தாள் வெட்டிச் செருகுவது, பாதுகாப்புச் சங்கிலியை மறக்காமல் மாட்டுவது. நடிக்க வந்தவனுக்கு இது என்ன வேலை என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே செய்தேன். ஒருநாள் ஒத்திகையில் கதாநாயகியாக நடித்த மாணவி, அவளுக்குக் குறித்துவைத்த இடத்திலிருந்து அரை அடி பின்னால் நின்றாள். அரை அடிதான். முகம் முழுக்க இருட்டில் போய்விட்டது, வயிறு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அழுகிற காட்சி. அவள் உண்மையிலேயே அழுதுகொண்டிருந்தாள், பார்க்க உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அது போய்ச் சேரவில்லை. மேலே ஏணியில் இருந்த எனக்கு அது அப்படியே தெரிந்தது. வெளிச்சத்தைத் தோலில் உணர்ந்து அதற்குள் போய் நிற்க வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றேன். பத்து வருடம் கழித்து ஒரு படப்பிடிப்பில் கேமராமேன் தரையில் டேப் ஒட்டி "இங்க நில்லுங்க" என்றபோது, குனிந்து பார்க்காமல் போய் நின்றேன். "நாடகமா நீங்க?" என்று கேட்டார்.

முறையான படிப்பின் பயன் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு காட்சி நிற்பதற்கு எத்தனை பேருடைய கை வேண்டும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். அதனால் எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: நடிக்க வருகிறவரையும் ஏணியில் ஏற்றுகிறார்களா, துணி தைக்க விடுகிறார்களா, மேடை பெருக்கச் சொல்கிறார்களா? ஏற்றுகிற இடமாக இருந்தால் நம்பிப் போங்கள்.

இனி எங்கே படிக்கலாம் என்பது. பிளஸ் டூ முடித்தவுடன் சேரக்கூடிய இடங்கள் வேறு, பட்டம் முடித்த பிறகு சேரக்கூடிய இடங்கள் வேறு. பலர் இதைக் குழப்பிக்கொண்டு ஒரு வருடத்தை இழக்கிறார்கள்.

பிளஸ் டூ முடித்தவுடன் என்றால் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். ஊரில் எல்லோரும் பிலிம் இன்ஸ்டிடியூட் என்பார்கள். நான்கு வருடப் பட்டப்படிப்பு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கமும் திரைக்கதையும், அனிமேஷன், டிஜிட்டல் இன்டர்மீடியட் (எடுத்த படத்தின் நிறத்தைக் கணினியில் சரிசெய்வது) என்று பிரிவுகள். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் தனியார் அகாடமிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. இடங்களும் குறைவு, தேர்வு உண்டு. பி.சி. ஸ்ரீராம், நாசர், ரகுவரன் எல்லோரும் இந்த வளாகத்தில் படித்தவர்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் பட்டப் பிரிவுகளில் நடிப்பு தனிப் பிரிவாக இல்லை. நீங்கள் எழுதவும் செய்கிறீர்கள் என்பதால் இயக்கமும் திரைக்கதையும் உங்களுக்குப் பொருந்தும்.

கேரளாவில் திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. ஜி. சங்கரப் பிள்ளை முதல் இயக்குநராக இருந்து 1970-களின் கடைசியில் தொடங்கியது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இளநிலை நாடகப் படிப்பு அங்கே உண்டு. வகுப்பு மலையாளத்தில். தமிழ் தெரிந்தவருக்கு ஆறு மாதத்தில் காது பழகிவிடும், ஆனால் மேடையில் பேசும் மொழி சுத்தமாக வர அதற்கு மேல் ஆகும். கர்நாடகத்தில் சாகர் பக்கம் ஹெக்கோடு என்ற சின்னக் கிராமத்தில் நீநாசம் இருக்கிறது. 1949-ல் கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பு. 1980 முதல் அங்கே நாடகப் பள்ளி நடக்கிறது. ஏறத்தாழ ஒரு வருடப் படிப்பு. அவர்களுடைய திருகாட்டம் என்ற பயணக் குழு லாரியில் மேடைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கர்நாடகம் முழுக்க நாடகம் போடுகிறது. எல்லாம் கன்னடம் என்பதால் உங்களுக்கு உடனடியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பாக்கு மரங்களுக்கு நடுவே ஒரு கிராமம் நாடகத்தை இத்தனை வருடமாகத் தாங்கி நிற்பதை வாழ்நாளில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும். நான் போய்வந்த பிறகு பல நாள் வேறு எதையும் பேசவில்லை.

பட்டம் முடித்தவர்களுக்கு என்றால் முதலில் டெல்லியின் தேசிய நாடகப் பள்ளி. 1959-ல் தொடங்கியது. மூன்று வருடம், தங்கிப் படிக்க வேண்டும், மாத உதவித்தொகை தருவார்கள். முதல் வருடம் எல்லோருக்கும் பொதுவான பாடம், பிறகு நடிப்பு, அல்லது வடிவமைப்பும் இயக்கமும். சேருவதற்குப் பட்டம் வேண்டும். ஏற்கெனவே சில நாடகங்களில் பங்கேற்றதற்கான சான்றும் வேண்டும். இந்தச் சான்று விஷயத்தில்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். நாடகம் போட்டிருப்பார்கள், கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. இனி நீங்கள் பங்கேற்கும் ஒவ்வொரு நாடகத்துக்கும் அழைப்பிதழ், புகைப்படம், குழுவிடமிருந்து ஒரு கடிதம் மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். முதல் சுற்றில் தயார் செய்துவந்த பகுதிகளை நடித்துக் காட்டச் சொல்வார்கள். அதில் தேறினால் டெல்லிக்குக் கூப்பிட்டுச் சில நாள் பட்டறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். பாடம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். இந்தி தெரியாதே என்று பயப்பட வேண்டாம், பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பட்டம் படிக்கிற மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டால் போதும். பெங்களூரிலும் அவர்களுக்கு ஒரு மையம் இருக்கிறது. அங்கே ஒரு வருடப் படிப்பு.

உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது புதுவைப் பல்கலைக்கழகம். அங்கே சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நாடகத் துறை இருக்கிறது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதன் தொடக்க கால இயக்குநர். கே.ஏ. குணசேகரன் அங்கே பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் இருந்தவர். நாடகத்தில் முதுகலை படிக்கலாம். தமிழ் பேசிக்கொண்டே நாடகம் படிக்க இதைவிட நல்ல இடம் உங்கள் ஊர்ப் பக்கம் கிடையாது. சினிமாவுக்கு என்றால் புனேயில் எஃப்.டி.ஐ.ஐ. என்கிற இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனம். 1960-ல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கியது. பாலு மகேந்திரா, சந்தோஷ் சிவன் அங்கே படித்தவர்கள். ஸ்லம்டாக் மில்லியனர் படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டியும் அங்கேதான் ஒலி படித்தார். கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் ஒரு திரைப்படக் கல்வி நிறுவனம் 1995 முதல் இருக்கிறது. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

இத்தனை பெயர் சொல்லியாகிவிட்டது. உங்கள் இடத்தில் என் சொந்தத் தங்கை இருந்தால் என்ன சொல்வேன்? தரமணிக்கு விண்ணப்பம் போடு, கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர். கிடைக்கவில்லை என்றால் புதுச்சேரியிலோ சென்னையிலோ பி.காம். சேர். ஆனால் நாடகக் குழு உயிரோடு இருக்கிற கல்லூரியாகப் பார்த்துச் சேர். மூன்று வருடமும் வார இறுதியில் ஏதாவது ஒரு நாடகக் குழுவோடு இரு. அதற்குப் பிறகு டெல்லி, புதுவை, புனே மூன்றுக்கும் எழுது.

பி.காம். என்று சொல்வது அப்பாவைச் சமாதானப்படுத்துவதற்காக இல்லை. படத் தயாரிப்பில் தினமும் பேட்டா என்கிற தினப்படி, வண்டி வாடகை, சாப்பாடு, லொகேஷன் பணம் என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் படப்பிடிப்பு தள்ளிப்போனால் எவ்வளவு நஷ்டம் என்று நிற்கிற இடத்திலேயே சொல்லத் தெரிந்தவரைத் தயாரிப்பு நிர்வாகிகள் விட மாட்டார்கள். நாடகக் குழுக்களிலும் அப்படித்தான். மானியத்துக்கு விண்ணப்பம் எழுத, வரவு செலவு முடிக்க ஆள் இல்லாமல் நல்ல நாடகங்கள் இரண்டாவது காட்சி காணாமல் நின்றுபோனதை நானே பார்த்திருக்கிறேன்.

வார இறுதி என்றேன். உங்கள் பக்கத்தில் அதற்குக் குறைவே இல்லை. புதுச்சேரியில் இந்தியநோஸ்ட்ரம் நாடகக் குழு, ஆரோவில் பக்கம் வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி நாடக மையம். ஆதிசக்தியில் தங்கிப் பயிலும் பட்டறைகள் நடக்கும். மூச்சு, குரல், தாளம் என்று கட்டுக்கோப்பான பயிற்சி. கட்டணம் உண்டு, சேமித்து வைத்து ஒருமுறை போகலாம். அப்புறம் நீங்கள் கூத்து மண்ணில் பிறந்தவர். செய்யாறு பக்கத்துப் புரிசைக்கு ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். முத்துசாமியே புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்தைப் பார்த்துத்தான் தன் நாடகப் பாதையைத் தேடிக்கொண்டார். பங்குனி பிறந்தால் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். முன்னால் உட்கார்ந்து பார்த்தது போதும், இந்த முறை பின்னால் போய் உட்காருங்கள். சாயங்காலம் அரிதாரம் பூச ஆரம்பித்து, கட்டை என்கிற மர அணிகளைக் கட்டி, கிரீடம் வைத்து, திரைக்குப் பின்னால் இருந்து குரல் கொடுத்து வெளியே வரும்வரை அந்த நடிகர் என்னென்ன செய்கிறார் என்று பாருங்கள். விடியற்காலை நாலு மணிக்கு அந்தக் குரல் உடையாமல் எப்படி நிற்கிறது என்று கேளுங்கள். மைக் இல்லாத காலத்திலிருந்து வந்த குரல் அது.

மேடையில் பழகியது கேமராவுக்கு முன்னால் மிகையாகிவிடாதா என்று பலர் கேட்பார்கள். ஆரம்பத்தில் ஆகும். கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகிய குரல், சட்டையில் மைக் மாட்டிய உடனே அடங்கிவிடாது. க்ளோஸ்-அப்பில் புருவம் அசைவதே பெரிய அசைவு. ஆனால் குறைத்துக்கொள்வது சில மாதத்தில் பிடிபட்டுவிடும். இல்லாததைக் கூட்டுவதுதான் கஷ்டம். சினிமாவில் வேறொரு சிக்கல் இருக்கிறது. நாடகத்தில் கதை தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டத்தில் போகும். படத்தில் முதல் நாளே அம்மா செத்த காட்சியை எடுப்பார்கள், அம்மாவோடு சிரித்துப் பேசும் காட்சி இருபது நாள் கழித்து வரும். முழு ஓட்டத்தையும் மனசில் வைத்திருப்பவரால்தான் எந்தத் துண்டைக் கேட்டாலும் சரியான அளவில் கொடுக்க முடியும். அந்த ஓட்டத்தை மேடைதான் கற்றுத்தரும். டப்பிங்குக்குப் போகும்போதும் இது கைகொடுக்கும். இருட்டறையில் தனியாக நின்று, மூன்று மாதத்துக்கு முன் அழுத அழுகையை உதட்டசைவுக்குச் சரியாக மறுபடி அழ வேண்டும். மூச்சை எங்கே எடுத்தோம் என்று தெரியாதவர் அங்கே திணறிப்போவார்.

தனியார் நடிப்புப் பயிற்சி இடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நல்லவை இருக்கின்றன. ஆனால் என்னிடம் பின்னால் வந்து சேர்ந்த ஒரு தம்பி, அவன் அம்மா நகையை அடகு வைத்த பணத்தில் ஓர் ஆறு மாதப் படிப்பு படித்திருந்தான். கையில் இருந்தது ஒரு சான்றிதழும், விதவிதமான உடையில் எடுத்த முப்பது புகைப்படமும். ஒரு பக்க வசனத்தை மூச்சு வாங்காமல் அவனால் சொல்ல முடியவில்லை. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, கோபமெல்லாம் வேறு பக்கம் இருந்தது. எங்கே சேர்ந்தாலும் போன வருட மாணவர்கள் செய்து முடித்த நாடகத்தையோ குறும்படத்தையோ காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் இருக்கும் பிரபலம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பில் நிற்கிறார் என்று கேளுங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். படத்தில் வாய்ப்புத் தருகிறேன், பணம் கட்டு என்று யார் கேட்டாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். வாய்ப்புக் கொடுப்பவர்தான் சம்பளம் கொடுக்க வேண்டும்.

பெண் பிள்ளையை அனுப்பும் அப்பாவின் பயத்தையும் நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆடிஷன் பகலில், அலுவலகத்தில்தான். துணைக்கு ஆள் வரக்கூடாது என்று சொல்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்கிற எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். படப்பிடிப்புக்கும் இது பொருந்தும். குழுவில் யார் யார் என்று முதல் நாளே கேட்பதில் தவறே இல்லை.

இனி சோறு. அப்பா சொன்னதில் பாதி உண்மை என்றேனே, அது இதுதான்: முதல் மூன்று நான்கு வருடம் வருமானம் ஒழுங்காக வராது. உதவி இயக்குநராகச் சேர்ந்தால் ஒரு மாதம் பேட்டா வரும், இரண்டு மாதம் ஒன்றும் வராது. இதை மறைத்து உங்களை உள்ளே இழுக்க எனக்கு விருப்பம் இல்லை. அதனால்தான் நடிப்போடு இன்னொரு கைவேலை வேண்டும் என்று என் மாணவர்கள் எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்கிறேன். எடிட்டிங், விளக்கு, உடை, டப்பிங், பள்ளிகளில் நாடகம் சொல்லிக்கொடுப்பது, இதில் ஏதாவது ஒன்று. என்னிடம் படித்த ஒரு பெண் நாலு வருடமாகப் பள்ளிக்கூடங்களில் நாடக வகுப்பு எடுத்து வாடகை கட்டுகிறாள். அந்தப் பணத்தில் வருடத்துக்கு ஒரு நாடகம் போடுகிறாள். போன வருடம் ஒரு படத்தில் நாலு காட்சி வந்தது. மூன்றையும் அவள் ஒரே வேலையாகத்தான் பார்க்கிறாள்.

இன்றைக்கே கற்க வேண்டிய கைவேலை ஒன்று சொல்கிறேன்: தமிழ்த் தட்டச்சு. வேகமாக, பிழையில்லாமல். இயக்குநர் ராத்திரி பதினோரு மணிக்கு வசனத்தை மாற்றுவார், காலை ஆறு மணிக்கு நடிகர் கையில் சீன் பேப்பர் இருக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த புது ஆளை யாரும் வெளியே நிறுத்த மாட்டார்கள். இன்னொன்று, கவனிக்கிற கண். டீக்கடைக் காட்சியில் நடிகர் "அப்ப நான் வர்றேன்" என்று சொல்லும்போது கண்ணாடி டம்ளரில் டீ பாதி இருந்தது, இடது கையில் இருந்தது, மேல் பட்டன் போடவில்லை. மதியம் வேறு கோணத்தில் அதையே எடுக்கும்போது அதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இன்று பஸ்ஸில் எதிரே உட்காருகிறவரை ஒரு நிமிடம் பாருங்கள், இறங்கிய பிறகு நோட்டில் எழுதுங்கள். எழுதுகிற உங்களுக்கும் நடிக்கிற உங்களுக்கும் அது ஒரே பயிற்சி.

அப்பாவிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். அவர் ஒருபோதும் ஒத்திகை பார்த்திருக்க மாட்டார். ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்து ஒரு மாதம் ஆனதும், நாடகத்துக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். ஒரே வரியை நீங்கள் பதினைந்து தடவை சொல்வதையும், தப்பு எங்கே என்று ஒருவர் பொறுமையாகக் காட்டுவதையும், ஒத்திகை முடிந்து எல்லோருமாகச் சேர்ந்து இடத்தைப் பெருக்குவதையும் அவர் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.